முதற்பிடி: விருதுநகர், சிவகாசி வட்டாரத்துப் புதுக்குடித்தனக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பியருக்கும் தங்கையருக்கும்,

சிவகாசியிலும் திருத்தங்கலிலும் சாத்தூரிலும் வெம்பக்கோட்டையிலும் விருதுநகரிலும் அண்மையில் திருமணம் முடித்துத் தனிக்குடித்தனம் தொடங்கி, சனிக்கிழமைதோறும் கைக்கு வரும் வாரக்கூலியையோ மாதப் பிறப்பில் வரும் சம்பளத்தையோ நடுவில் வைத்துக்கொண்டு, இதில் எது எதற்குப் போவது என்று யோசித்துக்கொண்டிருக்கும் உங்கள் அனைவருக்கும் பொதுவாக இம்மடலை எழுதுகிறேன். பட்டாசு ஆலையில் திரி சொருகுகிறவர்களும், தீப்பெட்டி ஆலையில் கட்டை அடுக்குகிறவர்களும், அச்சகத்தில் காலண்டருக்குத் தகரம் அடிக்கிறவர்களும், விருதுநகர்ப் பருப்பு மண்டிகளில் கணக்கு எழுதுகிறவர்களும், பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்கிறவர்களும் உங்களுள் இருக்கிறீர்கள். வரவில் ஏற்றத்தாழ்வு உண்டென்றாலும், அந்த வரவைச் செலவாக மாற்றும் வேளையில் நீங்கள் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறீர்கள்: உங்கள் வாழ்வில் எது முந்தியது, எது பிந்தியது என்று வாய்திறந்து சொல்லாமலே தீர்ப்பளித்துவிடுகிறீர்கள்.

சிக்கனத்தை உபதேசிக்க நான் வரவில்லை. மழை குறைந்த கரிசல் மண்ணில், ஒரு குடம் தண்ணீரை மூன்று வேலைக்குப் பயன்படுத்திய தாய்மாரின் வயிற்றில் பிறந்தவர்களுக்குச் சிக்கனம் கற்பிக்க முற்படுவது அடாத செயல். செலவின் வரிசையைப் பற்றியே நான் பேச விரும்புகிறேன். மீந்ததில் பார்த்துக்கொள்ளலாம் என்று பின்னுக்குத் தள்ளிய நற்காரியம் நிறைவேறுவது அரிது என்பதும், முதலில் எடுத்து வைத்ததே நிலைத்து நிற்கும் என்பதும் நம் வட்டாரம் நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டறிந்த உண்மைகள். அந்த வரலாறு உங்களுக்கு உரிய பிதிரார்ஜிதம், அதை உங்கள் வீட்டுக் கணக்கில் பயன்படுத்திக்கொள்ளும் உரிமையும் உங்களுக்கு உண்டு என்பதாலேயே இவ்வளவு நீளமாக எழுதத் துணிகிறேன்.

சிவகாசி, விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), சாத்தூர், அருப்புக்கோட்டை, பாலையம்பட்டி, திருமங்கலம் என்னும் ஆறு ஊர்களில் பேட்டை அமைத்துக் குடியேறி, வியாபாரத்தால் மெல்ல மெல்லத் தலையெடுத்த நாடார் சமூகத்தார், 19ஆம் நூற்றாண்டில் தங்களுக்குள் வளர்த்துக்கொண்ட மகமை என்னும் ஏற்பாட்டைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கோயில் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டு, பின்னாளில் 1899ஆம் ஆண்டுச் சிவகாசிக் கலகம் போன்ற கொடுமைகளுக்கும் ஆளான ஒரு சமூகம், சர்க்காரும் பிறரும் தமக்குச் செய்யாததைத் தாமே செய்துகொள்வதென்று உறுதி பூண்டபோது, அதற்கான திரவியத்தை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வி எழுந்தது. கடையில் வாங்கி விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று ஒரு சிறு தொகையை எடுத்து உறவின்முறை என்னும் தங்கள் சமூக அமைப்பின் பொதுநிதியில் சேர்ப்பது என்பதே அவர்கள் கண்ட வழி. அந்த நிதியிலிருந்து கிணறுகளும் கோயில்களும் மண்டபங்களும் பள்ளிக்கூடங்களும் எழுந்தன.

இதில் என் மனத்தை வெகுநாளாகக் கவர்ந்திருப்பது ஒரு நுட்பமான அம்சம். மகமை இலாபத்தின்மீது விதிக்கப்படவில்லை, சரக்கின்மீது விதிக்கப்பட்டது. வருஷ முடிவில் பேரேட்டைப் புரட்டி, வரவு செலவு போக மிஞ்சிய இலாபத்தில் இவ்வளவு பொதுக்காரியத்துக்கு என்று வைத்திருந்தால், அந்த ஆண்டு வியாபாரம் நஷ்டம் என்றோ, மகளுக்குக் கல்யாணம் வருகிறது என்றோ, புதிதாகக் கிட்டங்கி கட்டவேண்டியிருக்கிறது என்றோ சொல்லத்தக்க காரணம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வோராண்டும் கிடைத்திருக்கும். அத்தனையும் உண்மையான காரணங்களாகவும் இருந்திருக்கும். மிளகாய் மூட்டை வண்டியிலிருந்து இறங்கும்போதே மகமையும் இறங்கிவிடுகிறது என்னும்போது, மனிதனுடைய அன்றைய மனநிலைக்கும் அவனுடைய தர்மத்துக்கும் இடையே இருந்த ஆபத்தான தொடர்பு அறுந்துபோகிறது. தினந்தோறும் நல்லவனாக இருக்கத் தீர்மானிக்கவேண்டிய சிரமத்தை, ஒருமுறை தீர்மானித்து முறையாக்கிவிட்டதன் மூலம் அந்த வியாபாரிகள் இலகுவாக்கிக்கொண்டார்கள். மனித சுபாவத்தை நன்றாக அறிந்தவர்களால்தான் இப்படி ஒரு விதியைச் செய்ய முடியும்.

கடைக்கு மகமை என்றால் அடுக்களைக்குப் பிடியரிசி. விருதுபட்டியில் 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் தோன்றிய க்ஷத்திரிய வித்தியாசாலைக்காக வீட்டுப் பெண்கள், சோற்றுக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு பிடியைத் தனியே எடுத்து ஒரு கலயத்தில் போட்டு வைத்தார்கள். வீடுவீடாகச் சேர்த்த அந்த அரிசி பள்ளியின் செலவுக்குப் பயன்பட்டது. உலையில் போட்ட பிறகு எடுக்க முடியாது, உண்ட பிறகு எடுக்க ஒன்றும் இராது, ஆகையால் அளக்கும்போதே எடுத்துவிட வேண்டும் என்பதை அந்தத் தாய்மாரில் பெரும்பாலோர் தாம் எழுத்தறியாத நிலையிலேயே அறிந்திருந்தார்கள். தாங்கள் படிக்காத ஒன்றுக்காக, தங்கள் வீட்டு அரிசியின் முதற்பிடியைக் கொடுத்தார்கள் என்னும் இச்செய்தியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மீது ஏற்படும் மரியாதையை வார்த்தையில் அடக்க இயலவில்லை.

ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் புள்ளிவிவரத் துறைக்குத் தலைவராக இருந்த எர்ன்ஸ்ட் எங்கெல் என்பவர், 1857இல் தொழிலாளர் குடும்பங்களின் வரவுசெலவுகளை ஆராய்ந்து, குடும்பம் எவ்வளவுக்கு ஏழ்மைப்பட்டதோ அவ்வளவுக்கு அதன் வருமானத்தில் உணவுக்குப் போகும் பங்கு பெரிதாக இருக்கும் என்று ஒரு விதியை நிறுவினார். பொருளாதாரம் படித்தவர்கள் இன்றும் அதை எடுத்தோதுகிறார்கள். அது மெய்யே. ஆனால் உணவுக்கே பெரும்பங்கு போய்க்கொண்டிருந்த வீட்டுப் பானையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஒரு பிடி எப்படி வந்தது என்பதற்கு அந்த விதியில் விடை இல்லை. வருமானம் ஒரு குடும்பத்தின் செலவுக்கு எல்லை வகுக்கலாம். எல்லைக்குள்ளே எதற்கு முதலிடம் என்பதை வகுப்பது அக்குடும்பம் எதை மதிக்கிறது என்பதுதான்.

அந்தப் பிடியரிசிப் பள்ளியில் படித்த பிள்ளைகளுள் ஒருவர், 1903ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள் விருதுபட்டியில் பிறந்த காமராஜர். தகப்பனாரை இளமையிலேயே இழந்து, படிப்பைப் பாதியில் நிறுத்தி, மாமன் துணிக்கடையில் வேலைக்கு நின்றவர். 1954இல் சென்னை மாநிலத்தின் முதலமைச்சராகப் பொறுப்பேற்று, 1956இல் எட்டயபுரத்தில் பள்ளி மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். அத்திட்டம் தொடக்கத்தில் ஊர்மக்களின் நன்கொடையைப் பெரிதும் நம்பி நடந்தது. கல்வி இயக்குநராயிருந்த நெ. து. சுந்தரவடிவேலு ஊர்தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் கூட்டிப் பொதுமக்களிடம் பொருள் திரட்டினார். விருதுபட்டி அடுக்களைகளில் பழகிய ஒரு முறை மாநிலம் முழுவதற்கும் விரிந்தது என்று நான் இதைப் பார்க்கிறேன். இதே காமராஜர், முதலமைச்சராயிருந்த காலத்தில் விருதுநகரிலிருந்த தாயார் சிவகாமி அம்மாளுக்கு மாதச் செலவுக்கு 120 ரூபாயே அனுப்பிவந்தார் என்றும், வருவோர் போவோருக்காகக் கூடுதலாகக் கேட்டபோதும் அத்தொகையை உயர்த்த இணங்கவில்லை என்றும் அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். தாயிடம் இவ்வளவு கண்டிப்பு வேண்டுமா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நானும் அந்த அம்மையாரின் பக்கம் நின்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஆயினும், பொதுப்பணம் யாருக்கு முதலில் உரியது என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்ததில்லை என்பது மட்டும் தெளிவு.

விருதுநகரைச் சேர்ந்த இன்னொருவர் கதர்க்கடை நடத்திய தியாகி சங்கரலிங்கனார். தம் கையிலிருந்த பொருளை விருதுநகர்ப் பெண்கள் பள்ளிக்குக் கொடுத்து, அதன் வட்டியில் மாணவியருக்குச் சிற்றுண்டி கிடைக்க ஏற்பாடு செய்தவர் அவர். 1956ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் உண்ணாவிரதம் தொடங்கி, அக்டோபர் 13ஆம் நாள் உயிர்நீத்தார். மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயரிடவேண்டும் என்ற அவருடைய கோரிக்கை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் முன்வைத்த கோரிக்கைகளுள் மதுவிலக்கும், அரசு அலுவலர் கதர் அணிய வேண்டும் என்பதும், ஆடம்பரத்தைக் கைவிட வேண்டும் என்பதும் இருந்தன என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். ஓர் அரசாங்கத்தின் கௌரவம் அதனுடைய உடுப்பிலும் செலவிலும் தெரிய வேண்டும் என்று அந்த முதியவர் கருதினார்.

பெரியவர்களின் கதை போதும். உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

சனிக்கிழமை மாலை கூலிக்கவர் வீட்டுக்குள் வருமுன்பே அதன்மேல் உரிமை கொண்டாட வாசலில் நிற்கிறவர்கள் பலர். தண்டல்காரர் நிற்கிறார், குழுக்கடனுக்குத் தவணை கட்டும் நாள் செவ்வாய்க்கிழமை, கைபேசிக்கு மாதத் தவணை, நகைச்சீட்டு, பலகாரச் சீட்டு, ஆலையில் சேரும்போது வாங்கிய முன்பணத்தில் இந்த வாரம் பிடித்தது போக மீதிதான் கவரில் இருக்கிறது. முதற்பிடி என்று நான் எதைச் சொல்கிறேனோ அதை இன்று கடன்காரர்கள் எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள். முன்னோர் தம் மதிப்புக்குரியவற்றை முதலில் வைத்த இடத்தில், அவசரத்தில் போட்ட பழைய கையெழுத்துகள் உட்கார்ந்துகொண்டிருக்கின்றன. கடன் எல்லாம் தீது என்று நான் சொல்லமாட்டேன். பிரசவத்துக்கும் மருத்துவத்துக்கும் வாங்கிய கடனை யார் குறைகூற முடியும்? ஆனால் ஒவ்வொரு தவணையும் உங்கள் வருங்காலச் சனிக்கிழமைகளின் முதற்பிடியை மற்றொருவருக்கு எழுதிக்கொடுப்பது என்பதைக் கையெழுத்திடுமுன் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும் என்பதே என் விண்ணப்பம்.

ஆலைக்குப் போகிறவர்களிடம் தனித்து ஒரு செய்தி சொல்ல வேண்டும். பட்டாசு ஆலையில் பருத்தி ஆடைதான் உடுத்த வேண்டும் என்று விதி இருப்பதன் காரணம் உங்களுக்குத் தெரியும். பாலியஸ்டர் முதலான செயற்கை இழைத் துணி உடம்போடு உராயும்போது உண்டாகும் மின்பொறி, வெடிமருந்து அறையில் எமனாகிவிடும். ஆனாலும் கடைக்குப் போனால் பருத்திச் சேலையின் விலை அதிகமாகவும், செயற்கை இழைச் சேலையின் விலை குறைவாகவும், அதன் பூவேலை கண்ணுக்கு அழகாகவும் இருக்கிறது. துவைத்தால் சீக்கிரம் காய்கிறது, சுருக்கம் விழுவதில்லை. வேலைக்குத்தானே, பழையதைக் கட்டிக்கொண்டு போவோம் என்று தோன்றுகிறது. அந்த விலை வித்தியாசத்தைக் கொடுப்பது ஒரு குடும்பத்தின் மதிப்பீட்டைக் காட்டும் செலவுகளிலெல்லாம் முதன்மையானது என்று நான் கருதுகிறேன். இன்னாருடைய உயிர் எனக்குப் பெரிது என்று சொல்லாமல் சொல்லும் செலவு அது. கணவன் மனைவிக்கும், மனைவி கணவனுக்கும் வாங்கிக்கொடுக்கும் முதல் துணி பருத்தியாக இருக்கட்டும். பட்டு பிறகு வரட்டும்.

செலவில் மட்டுமன்று, எந்த வரவை வேண்டாமென்று சொல்கிறோம் என்பதிலும் நம் மதிப்பீடு தெரியும். உரிமம் உள்ள ஆலையை அறை அறையாக உள்குத்தகைக்கு விட்டு, ஓர் அறையில் நான்கு பேர் இருக்கவேண்டிய இடத்தில் பத்துப் பேரை நிறுத்தி, உருப்படிக்கு இரண்டு காசு கூட்டித் தருகிறவர்கள் உண்டு. ஊரின் ஓரத்து வீட்டை வாடகைக்குக் கேட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பேன்சி ரகத்துக்கு மருந்து அடைக்கச் சொல்கிறவர்களும் உண்டு. கூலி கூடுதலாகத்தான் இருக்கும். இ.எஸ்.ஐ.க்கும் வைப்புநிதிக்கும் பிடித்தம் செய்து கவரை மெலியச் செய்யும் ஆலையைவிட, பிடித்தமே இல்லாத இடம் சனிக்கிழமையன்று இனிக்கத்தான் செய்யும். 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் நடந்ததை உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 38 பேருக்குக் குறையாமல் அன்று மாண்டார்கள், அவர்களுள் பலர் அந்த ஆலையில் வேலை செய்யாமல், வெடிச்சத்தம் கேட்டு ஓடிவந்து நின்றவர்கள். 2021 பிப்ரவரி 12இல் அச்சங்குளத்தில் மறுபடியும் அப்படி ஒரு வெடிவிபத்து. பாதுகாப்பை உறுதிசெய்வது முதலாளியின் கடமை, அதைச் சோதிப்பது அரசாங்கத்தின் கடமை. அந்த இரு கடமைகளையும் ஏழைத் தொழிலாளியின் தலையில் ஏற்ற நான் ஒருபோதும் உடன்படமாட்டேன். ஆனால் வேலை தேடும்போது இரண்டு வாசல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் அளவுக்காவது இடம் வாய்த்தவர்கள், பிடித்தம் உள்ள வாசலைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பிடித்தமும் ஒரு முதற்பிடியே.

அடுத்து, உறவினர் வீட்டு விசேஷங்களுக்குச் செய்யும் செய்முறை. இதைப் பற்றிப் பேசாமல் நம் வட்டாரத்தில் குடும்பச் செலவைப் பற்றி எழுதுவதில் பொருளில்லை. காதணி விழா, சடங்கு, புதுமனை புகுவிழா, கல்யாணம் என்று பத்திரிகைகள் அடுக்காக வந்துவிழும் ஆவணியிலும் வைகாசியிலும் ஒரு மாதக் கூலி முழுவதும் மொய்க்கே போய்விடுகிறது என்று நீங்கள் வருந்துவது நியாயமே. நகரத்திலிருந்து வரும் படித்தவர்கள் இதை மூடப்பழக்கம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அந்த அபிப்பிராயம் இல்லை. வங்கி மதிக்காத ஏழைக்கு, வட்டியில்லாமல், பத்திரம் எழுதாமல், உற்றார் உறவினர் ஒரே நாளில் ஒரு தொகையைத் திரட்டிக் கொடுக்கும் முறை அது. மொய் நோட்டு என்பது ஒரு குடும்பத்தின் வரவேண்டியதையும் கொடுக்கவேண்டியதையும் காட்டும் நேர்மையான பேரேடு. அதில் எழுதியதைத் திருப்பிச் செய்யாதவனை ஊர் மதிக்காது என்பதில் ஒரு நீதியும் இருக்கிறது.

ஆனால் அந்த நீதிக்குள்ளே ஆடம்பரம் புகுந்துவிட்டது. மாமன் சீர் வரிசைக்கு மேளதாளமும், வாசல் மறைக்கும் பேனரும், பெயரைச் சொல்லித் தொகையை ஒலிபெருக்கியில் அறிவிப்பதும் வந்த பிறகு, உறவைக் காப்பாற்றக் கொடுப்பது எது, ஊர் பார்க்கக் கொடுப்பது எது என்று பிரித்தறிவது கடினமாகிவிட்டது. இதைப் பிரித்தறிய ஒரு சோதனை சொல்கிறேன். பெயரை வாசிக்காமல், நோட்டில் மட்டும் எழுதிக்கொள்வார்கள் என்றால் நீங்கள் எவ்வளவு கொடுப்பீர்களோ, அதுதான் அந்த உறவுக்கு நீங்கள் மெய்யாகக் கொடுக்க விரும்பும் தொகை. அதற்கு மேலே உள்ளது அச்சத்துக்குக் கட்டும் வரி. முதற்பகுதியை மனமாரக் கொடுங்கள்; ஆலை மூடியிருந்த காலத்தில் உங்கள் வீட்டுக்கு அரிசி கொண்டுவந்தவர் வீட்டு விசேஷத்துக்குக் கூடுதலாகவே கொடுங்கள். இரண்டாம் பகுதியைக் குறைக்க, தனியொருவராக முயன்றால் அவப்பெயர்தான் மிஞ்சும். ஆகையால் பங்காளிகளும் சம்பந்திகளும் ஒன்றுகூடி, நம் கூட்டத்துக்குள் ஒலிபெருக்கி வேண்டாம், இன்ன தொகைக்கு மேல் வேண்டாம் என்று முடிவு செய்யுங்கள். மகமைக்குச் சட்டம் வகுத்துக்கொண்ட ஊர்களில் இது நடக்காத காரியமன்று.

பிள்ளைகளின் படிப்பைப் பற்றி நீளமாகச் சொல்லப் போவதில்லை. அதில் நீங்களே உலகத்துக்குப் பாடம் சொல்லத் தக்கவர்கள். விடியுமுன் கிராமங்களுக்குள் வந்த பேருந்துகள் உறக்கம் கலையாத குழந்தைகளைத் தீப்பெட்டி ஆலைக்கு ஏற்றிச் சென்ற காலத்தை உங்கள் தாய்மார் பார்த்திருக்கிறார்கள். அவர்களுள் சிலர் அந்தப் பேருந்தில் போனவர்கள். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், சிவகாசியைக் குறித்த வழக்கிலேயே, விதிமீறிச் சேர்த்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சட்டமும் தீர்ப்பும் பெரியவையே. எனினும் குழந்தையின் கூலி நின்றுபோன வீட்டில் அந்தக் குறையைத் தம் உணவிலும் உடையிலும் சரிக்கட்டிக்கொண்டு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய தாய்மார் இல்லையென்றால், பொதுத்தேர்வுத் தேர்ச்சியில் நெடுங்காலம் மாநிலத்தின் முதலிடத்தில் நின்ற மாவட்டம் என்ற பெயர் நமக்கு வந்திருக்காது. ஒன்று மட்டும் சொல்வேன்: அரசுப் பள்ளி அருகில் நன்றாக நடக்கும்போது, பேருந்தும் டையும் உள்ள பள்ளிக்குக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுவதற்கு முன், அது பிள்ளையின் படிப்புக்கா, தெருவின் பார்வைக்கா என்று உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள்.

தங்கையரே, உங்களிடம் ஒரு வார்த்தை. எட்டு மணி நேரம் ஆலையில் குனிந்து வேலை செய்துவிட்டு வரும் நீங்கள், உங்கள் கூலியைக் கணக்கின்றிக் குடும்பத்தில் கரைத்துவிடுவதைப் பதிவிரதா தர்மம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் பெயரில் ஒரு கணக்கு இருக்கட்டும். அதன் புத்தகம் உங்கள் கையில் இருக்கட்டும். தம்பியரே, மதுக்கடையில் செலவாகும் பணம் எல்லாச் செலவுக்கும் முந்திக்கொண்டு போகும் வீட்டில், மற்ற மதிப்பீடுகளைப் பற்றிப் பேசுவதற்கே இடம் இராது. இதை நீங்கள் அறிவீர்கள்.

நம் ஜீவனம் நிலையான சம்பளத்தை நம்பியதன்று என்பதை மறக்கலாகாது. 2018ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடைவிதித்து, பசுமைப் பட்டாசு மட்டுமே என்று கட்டளையிட்டபோது, தீபாவளி முடிந்தபின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. அந்நாளில் நகையை அடகு வைத்தவர்களும், திருப்பூருக்கு வண்டி ஏறியவர்களும், குழுவில் சேமித்து வைத்திருந்த சிறு தொகையால் தலைதப்பியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். தடையின் நியாயத்தையும் அநியாயத்தையும் பற்றி வேறிடத்தில் பேசலாம். மழைக்காலமும் தடையும் விபத்தும் எப்போது ஆலையை மூடும் என்று தெரியாத தொழிலில் இருப்பவர்களுக்கு, மூன்று மாத அரிசிக்கும் வாடகைக்கும் ஆகும் தொகை தனியே இருப்பது தன்மானத்தின் காவல். அது இல்லாதவன் உள்குத்தகைக்காரனிடம் மாட்டேன் என்று சொல்ல முடியாது. கையில் மூன்று மாதச் செலவு உள்ள தொழிலாளி, மருந்து அறையில் ஐந்தாவது ஆளாக நிற்க மறுக்கிறான். சேமிப்புக்கு இதைவிட மேலான பிரயோஜனம் எனக்குத் தெரியவில்லை.

ஒரு வாரம் ஒன்றுமே எடுத்து வைக்க முடியாமல் போகலாம். குழந்தைக்குக் காய்ச்சல், வேலை மூன்று நாள்தான் என்றால், கலயம் அந்த வாரம் காலியாக இருப்பதில் இழுக்கொன்றுமில்லை. பிடியரிசி கொடுத்த வீடுகளிலும் அளக்க அரிசியே இல்லாத நாட்கள் இருந்திருக்கும்.

மகமையை இவ்வளவு புகழ்ந்தவன், அதன் குறையையும் சொல்லியாக வேண்டும். அது ஒரு சாதியின் வேலிக்குள் திரண்ட நிதி. ஒடுக்கப்பட்ட நிலையில், வேறு துணையின்றி, தம்மவரை நம்பித் திரட்டியதில் குற்றம் காண இயலாது. 1947இல் விருதுநகரில் தோன்றிய செந்திக்குமார நாடார் கல்லூரியிலும், 1963இல் சிவகாசியில் தோன்றிய அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியிலும் இன்று எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். எனினும், 1923இல் தீப்பெட்டித் தொழில் சிவகாசியில் வேரூன்றிய காலம் முதல் இன்றுவரை மருந்து அறையில் சேர்ந்து நின்று கருகியவர்களில் எல்லாச் சாதியாரும் இருந்திருக்க, அவர்களுடைய பிள்ளைகளுக்காகத் திரளும் நிதி மட்டும் சாதி பார்த்துத் திரள்வது இக்காலத்துக்குப் பொருந்தாது. முன்னோரின் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் வகுத்த எல்லையை அகலப்படுத்துங்கள்.

இப்படி முதற்பிடி எடுத்து வைக்கத் தொடங்க நல்ல தருணம் தீபாவளி போனஸ். ஆண்டுக்கொரு முறை கைக்கு வரும் பெரிய தொகை அதுதான். வந்த மூன்றாம் நாள் அது எங்கே போயிற்று என்று தெரியாமல் போவதும் அதுதான். ஆகையால் அது வருவதற்கு இரண்டு வாரம் முன்பே, சிவகாசியிலேயே அச்சான ஒரு நோட்டை எடுத்து, முதல் மூன்று வரிகளை இருவரும் சேர்ந்து எழுதிவிடுங்கள்: ஆலை மூடினால் வேண்டிய சேமிப்புக்கு இவ்வளவு, பிள்ளைக்கு அல்லது பெற்றோருக்கு இவ்வளவு, உங்கள் வீட்டுக்கு வெளியே உள்ள ஒருவருக்கு இவ்வளவு. பலகாரம், புதுத்துணி, சாத்தூர்ச் சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா, பிள்ளைகளுக்குக் கம்பி மத்தாப்பு எல்லாம் அந்த மூன்றுக்குக் கீழே வரட்டும். அவையும் வேண்டியவையே, தீபாவளியைத் தயாரிக்கிறவர்கள் தீபாவளி கொண்டாடாமல் இருப்பது எனக்குச் சம்மதமில்லை. மூன்றாவது வரியில் எழுதும் தொகை சிறியதாயிருக்கும் என்று தயங்காதீர்கள். தெருவில் பத்து வீட்டார் அதை ஒன்றுசேர்த்தால் ஒரு பிள்ளையின் ஓராண்டு நோட்டுப் புத்தகத்துக்கும் சீருடைக்கும் தேறும். அந்தப் பொதுக்கணக்கை ஒரு பெண் எழுதட்டும். மாதம் ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் வாசித்துக் காட்டட்டும். முதல் உதவி, ஆலை விபத்தில் தாயையோ தந்தையையோ இழந்து உங்கள் ஊர்ப் பள்ளியில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, என்ன சாதி என்று கேளாமல், போய்ச் சேரட்டும்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன் ஒருவன்